மிதந்து ஓடுவதும் ஓடி மிதப்பதும்

சங்கரன்கோவிலில் கடல் இல்லை. கோவில்பட்டி தாண்டித் தூத்துக்குடி போய்ச் சேர்ந்தால்தான் உப்புத் தண்ணீரைக் கண்ணால் பார்க்க முடியும். எங்களிடம் இருப்பது காற்று. வைகாசிக் கடைசியில் செங்கோட்டைப் பக்கத்துக் கணவாய் வழியாகப் புகுந்து, குற்றாலத்துக்கும் தென்காசிக்கும் சாரலைக் கொடுத்துவிட்டு, ஈரம் வற்றிய வெறுங்காற்றாக எங்கள் ஊருக்கு வரும். கயத்தாறு வரைக்கும் காட்டில் காற்றாலைகளை நட்டு வைத்திருப்பது இதை நம்பித்தான். ஆடித்தபசுக்கு வருகிறவர்கள் கண்ணில் விழுந்த மண்ணைத் துடைத்துக்கொண்டே கோமதி அம்மனைக் கும்பிடுவார்கள்.

அப்படிப்பட்ட ஊரில், காற்று போதாத நாளுக்கென்று ஒரு கடற்பலகை செய்தோம் என்றால் சிரிப்புத்தான் வரும். என் அக்கா மகன் ராமேஸ்வரத்தில் கைட்சர்ஃபிங் படித்தவன். இடுப்பில் ஒரு பட்டையைக் கட்டி, இருபது மீட்டருக்கு மேல் நீளமான கயிறுகளின் முனையில் பெரிய பட்டத்தைப் பறக்கவிட்டு, அது இழுக்கிற இழுப்பில் பலகைமேல் நின்று தண்ணீரில் சறுக்குகிற விளையாட்டு. அந்தத் தீவில் தென்மேற்குப் பருவத்திலும் வடகிழக்குப் பருவத்திலும் நல்ல காற்று உண்டு. இரண்டுக்கும் நடுவே சித்திரையிலும் ஐப்பசியிலும் கொஞ்ச நாள் காற்று சோம்பிக் கிடக்கும். கம்பெனிப் பலகை அந்த நாட்களில் எழும்பாது. அதற்குத்தான் அகலமான, தட்டையான ஸ்கிம்போர்டு வேண்டும் என்று ஒரு தாளில் படம் வரைந்துகொண்டு விடுமுறைக்கு வந்தான். கட்டில், கதவு, ஜன்னல் தவிர வேறு எதுவும் செய்து பழகாத எங்கள் ஆசாரியின் கொட்டகையில் அந்தத் தாளை விரித்தான்.

ஆசாரி தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தம்பி, இது மிதக்குமா?"

"ஓடுனா மிதக்கும் அண்ணாச்சி."

"நின்னா?"

"நின்னா முங்கிரும்."

"அப்ப கட்டுமரமே தேவலையே. அது நின்னாலும் மிதக்கும்லா."

பையன் சிரித்துவிட்டான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆசாரி கேட்டது சரியான கேள்வி என்று பட்டது. இந்தக் கட்டுரை அங்கிருந்து புறப்பட்டதுதான். இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்ப்பதற்கு எங்கள் ஊர்க்காரர்களுக்குப் பயிற்சி வேண்டியதில்லை. சங்கனும் பதுமனும் சிவன் பெரியவரா திருமால் பெரியவரா என்று வாதாடி, அம்பாள் தபசிருந்து, கடைசியில் ஒரே உடம்பில் பாதி பாதியாகக் காட்சி கிடைத்த தலம் இது. கட்டுமரம் பெரிதா பலகை பெரிதா என்ற வழக்குக்குள் நானும் போகவில்லை. இரண்டும் எங்கே ஒட்டுகின்றன, எங்கே வெட்டுகின்றன என்று பார்க்க மட்டுமே ஆசை.

ஒட்டுகிற இடம் முதலில். கட்டுமரத்தைப் படகு என்று எழுதிவிடுகிறோம். அது படகே இல்லை. படகுக்கு 'உள்' என்று ஒன்று உண்டு. தண்ணீர் அந்த உள்ளுக்குள் வராதவரைதான் அது மிதக்கும். கட்டுமரத்துக்கு உள் கிடையாது. அலை மேலே ஏறினால் தடிகளுக்கு நடுவே வடிந்து போய்விடும். இறைக்க வேண்டியதில்லை. ஏறியவர் இடுப்புவரை நனைந்துகொண்டேதான் போவார். ஸ்கிம்போர்டுக்கும் உள் கிடையாது. தண்ணீர் புகுந்து மூழ்குகிற ஆபத்து இரண்டுக்குமே இல்லை. இரண்டும் ஆழமில்லாத கரையிலேயே பிறந்தவை, துறைமுகம் கேட்காதவை. கலிபோர்னியாவின் லகூனா கடற்கரையில் 1920களில் உயிர்காப்பாளர்கள் மரப்பலகையை ஈர மணலில் வீசி எறிந்து ஏறிச் சறுக்கியதிலிருந்து ஸ்கிம்போர்டு வந்ததாகச் சொல்வார்கள். சோழமண்டலக் கரையின் கட்டுமரமோ, வில்லியம் டாம்பியர் 1697இல் வெளியிட்ட பயண நூலில் பெயரோடு பதிவாகும்போதே பழைய பொருள். அந்தப் பெயர் ஆங்கிலத்துக்குப் போய், இரட்டை உடல் கொண்ட பாய்மரப் படகுக்கு ஒட்டிக்கொண்டு, இன்று நம்மிடமே வேறு பொருளோடு திரும்பி வருகிறது. நம் கட்டுமரத்தில் இரண்டு உடல் இல்லை. ஒரு உடல்கூட முழுசாக இல்லை. மூன்று தடி, ஐந்து தடி, நாகப்பட்டினத்துப் பக்கம் பறவைக்கோலா பிடிக்கப் போகும் கோலாமரத்தில் ஏழு தடி, கூடவே கயிறு. அவ்வளவுதான்.

இனி வெட்டுகிற இடம். ஆசாரியின் கேள்விக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். கட்டுமரத்துக்கு எடுக்கும் மரம் லேசானது. குமரிக் கரையில் கேரளத்திலிருந்து வரும் அல்பீசியாத் தடி பேர்போனது. ஒரு கன மீட்டர் மரம் 350 கிலோ என்று வைத்துக்கொண்டால், கடல்நீர் அதே அளவுக்கு 1,025 கிலோ. ஆகவே ஒரு கன மீட்டர் தடி தன் எடை போக இன்னும் 675 கிலோவைத் தாங்கும். நாலு ஆளும் வலையும் மீனும் ஏறலாம். எங்கள் பலகையோ 120 செ.மீ. நீளம், 52 செ.மீ. அகலம், கனம் 8 மில்லிமீட்டர். முனைகளை வளைத்து அறுத்த பிறகு பரப்பு சுமார் 5,400 சதுர செ.மீ. கொள்ளளவு நாலேகால் லிட்டர் சொச்சம். பூச்சும் மிதியும் சேர்ந்து எடை 3.3 கிலோ. தன் எடை போக அது தாங்குவது ஒரு கிலோ சொச்சம். ஒரு கூடைத் தக்காளியை வைத்தால் முங்கிவிடும் பலகைமேல் எழுபது கிலோ ஆள் நிற்கிறான் என்றால், அவனைத் தாங்குவது மரம் இல்லை, வேகம். ஓடுகிற பலகை தண்ணீரைக் கீழே அழுத்தித் தள்ளுகிறது; தண்ணீர் பலகையை மேலே தள்ளுகிறது. ஓட்டம் நின்றால் தள்ளலும் நின்றுவிடும்.

ஆக, கட்டுமரம் மிதந்துகொண்டு ஓடுகிறது. பலகை ஓடிக்கொண்டு மிதக்கிறது. எந்த மரம், எந்தக் காற்று, யார் ஏறலாம், எப்போது திரும்பலாம் என்பதெல்லாம் இந்த ஒரு வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டே வருகின்றன.

காற்றை எடுத்துக்கொள்வோம். மீனவர் காற்றுக்குத் திசையை வைத்துப் பெயரிட்டார்: வாடை, கொண்டல், கச்சான், சோழகம். விடியுமுன் நிலத்திலிருந்து கடலுக்கு வீசும் கரைக்காற்றில் பாய் விரித்துப் போய், பிற்பகலில் கடலிலிருந்து கரைக்கு வீசும் காற்றில் திரும்பினார். எவ்வளவு வேகம் என்பதைவிட எந்தப் பக்கம் என்பதுதான் அவருக்கு முக்கியம். மெல்லிய காற்றானால் மெதுவாகப் போகலாம். அறவே நின்றால் துடுப்பு இருக்கிறது. பட்டக்காரருக்குக் காற்று ஓர் எண். "இன்னிக்கு எட்டுத்தான்", "சாயந்தரம் பதினாலு வரும்" என்று நாட் கணக்கில் பேசுவார்கள். ஒரு நாட் என்பது மணிக்கு 1.852 கி.மீ. இந்த எண் பைத்தியத்துக்குக் காரணம் உண்டு. காற்றின் தள்ளுவிசை வேகத்தின் இருமடிப் பெருக்கத்தில் ஏறி இறங்கும். 12 நாட் வீசும் காற்று 10 ஆனால் வேகத்தில் போவது ஆறில் ஒரு பங்கு. இழுப்பில் போவது முப்பது சதவீதம். தண்ணீர் பலகையைத் தூக்குவதும் இதே கணக்குத்தான். பலகையின் வேகம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால், அதே ஆளைத் தாங்க ஒன்றரை மடங்குக்கும் சற்றுக் கூடுதலான பரப்பு வேண்டும்.

கட்டுமரத்துக்கு இந்தக் கஷ்டம் எதுவும் இல்லை. காற்று பாதியானால் பயணம் தாமதமாகும், ஒருவரும் முங்க மாட்டார்கள். மெல்லிய காற்றில் ஓடுவதில் கட்டுமரம்தான் மூத்தது என்று ஆசாரிக்கு நான் ஒப்புக்கொண்டேன்.

ஆனால் பட்டத்துக்கும் ஒரு கெட்டிக்காரத்தனம் உண்டு. பாய் மரத்தில் கட்டிய இடத்திலேயே நிற்கும். தன்மேல் வந்து மோதும் காற்றை மட்டும் வாங்கும். பட்டம் தானே வானத்தில் ஓடும். காற்று குறைவான நாளில் ஓட்டுகிறவர் அதை மேலும் கீழும் எட்டுப் போட வைப்பார். ஓடும் வேகம் சேர்ந்துகொள்வதால், வீசுவதைவிட வேகமான காற்றைப் பட்டம் தனக்குத்தானே உண்டாக்கிக்கொள்ளும். கூடவே அது நிற்கும் உயரம். தண்ணீரை உரசும் காற்றைவிட இருபது மீட்டர் மேலே ஓடும் காற்று பலமானது. காற்றாலைக் கோபுரங்களை ஏன் இவ்வளவு உயரமாக நிறுத்துகிறார்கள் என்று தெரிந்த எங்கள் ஊருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இன்னொன்று, கட்டுமரப் பாய் பக்கவாட்டில்தான் தள்ளும், சாய்க்கவும் பார்க்கும். பட்டம் மேல்நோக்கியும் இழுப்பதால், ஆளின் எடையில் ஒரு பங்கைத் தானே சுமக்கிறது. பிரான்சின் பிரித்தானிக் கரைச் சகோதரர்கள் புரூனோ லெகைன்யூவும் தொமினிக் லெகைன்யூவும் காற்றடைத்த பட்டத்துக்கு 1984இல் காப்புரிமை கேட்டார்கள். தண்ணீரில் விழுந்தாலும் மீண்டும் எழும்பும் பட்டம் அவர்களுடையது. அதற்கு முன்பும் பட்டத்தால் இழுக்கப்பட்டவர்கள் உண்டு. விழுந்த பட்டத்தைத் தண்ணீரிலிருந்து எழுப்பத் தெரிந்த பிறகுதான் இது விளையாட்டானது.

பலகையில் என்ன செய்து இரண்டு நாட் மிச்சம் பிடிக்கிறார்கள்? அகலம்தான் காரணம் என்று நானும் நினைத்திருந்தேன். அளந்து பார்த்தால் அது பாதி உண்மை. கடையில் விற்கும் கம்பெனிப் பலகை, அதாவது ட்வின்டிப், சுமார் 136 செ.மீ. நீளம், 41 செ.மீ. அகலம், முனை வளைவு போகப் பரப்பு ஏறக்குறைய 5,000 சதுர செ.மீ. எங்கள் பலகை அதைவிடப் பத்தில் ஒரு பங்குகூட முழுசாக அதிகமில்லை. மீதி வேலையைச் செய்வது தட்டை. ட்வின்டிப் இரண்டு முனையிலும் வளைந்திருக்கும். குதித்து இறங்கவும் அலையில் முனை குத்தாமல் இருக்கவும் அந்த வளைவு தேவை. ஆனால் வளைந்த அடிப்பாகம் தண்ணீரைத் தள்ளிக்கொண்டே போகும், அதற்கு இழுப்பு செலவாகும். ஸ்கிம்போர்டில் நடுவும் பின்னும் கேரம்போர்டு மாதிரித் தட்டை. மூக்கில் மட்டும் நாலு செ.மீ. தூக்கல். கால் மாட்டும் வாரும் இல்லை. காற்று குறைந்தால் முன்னே ஒரு எட்டு வைத்து எடையை மாற்றலாம். மூக்கு தண்ணீருக்குள் போகப் பார்த்தால் பின்னே நகரலாம். கட்டுமரக்காரர் அணியத்துக்கும் அமரத்துக்கும் நடுவே நகர்ந்து தடியைச் சமப்படுத்துவதும் இதே வித்தைதான். காலைக் கட்டிப்போடாத இரண்டு பொருளிலும், ஆள் தானே ஓர் உறுப்பாகிவிடுகிறார்.

பக்கவாட்டு நழுவலைப் பற்றியும் சொல்ல வேண்டும். பாயானாலும் பட்டமானாலும், காற்று தள்ளுகிற பக்கமே போய்க்கொண்டிருந்தால் திரும்பி வர முடியாது. கட்டுமரத்தில் இதற்கென்று ஒரு பலகையைப் பக்கவாட்டில் தண்ணீருக்குள் இறக்குவார்கள். அடைப்பலகை என்று பெயர். தண்ணீரில் ஒரு சுவரைப் போல நின்று நழுவலைத் தடுக்கும். ஸ்கிம்போர்டில் அடைப்பலகைக்கு இடமில்லை. பலகையின் விளிம்பைக் குதிகாலால் அழுத்திச் சாய்த்து, அந்த விளிம்பையே அடைப்பலகையாக்க வேண்டும். கூடவே பின்பக்கம் இரண்டரை செ.மீ. உயரத்தில் சின்னத் துடுப்புகள். இது போதாது என்பதே என் எண்ணம். மெல்லிய காற்றில் எழும்பி ஓடுவதில் ஸ்கிம்போர்டு கெட்டி, புறப்பட்ட இடத்துக்குத் திரும்பி வருவதில் சுமார். அக்கா மகன் ஒத்துக்கொள்ள மாட்டான். அவன் பலகையைத் தலையில் வைத்துக்கொண்டு கரையோரம் நடந்து வந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

செய்கிற விதத்துக்கு வருவோம். இங்கேதான் எங்கள் கொட்டகை நாறியது. முதல் பலகை இரண்டாம் நாளே பிளந்துவிட்டது. ஒரு கடையில் மலிவாகக் கிடைத்த ஆறு மில்லி பிளைவுட்டை வாங்கி, வார்னிஷ் அடித்து அனுப்பினோம். ஓரத்தில் நீர் ஏறி, அடுக்கு அடுக்காக உரிந்து, நனைந்த முறுக்குப் பொட்டலம் போல வந்து நின்றது. பிறகுதான் ஆசாரி சொன்னார்: "எழுநூத்திப் பத்து வாங்கியிருக்கணும் அண்ணாச்சி." ஐ.எஸ். 710 என்பது கடல்வகை ஒட்டுப்பலகைக்கான இந்தியத் தரம். வீட்டு அலமாரிக்கு எடுக்கும் 303 வேறு. 710இல் பீனால் பசை. மாதிரித் துண்டை 72 மணி நேரம் கொதிநீரில் போட்டாலும் அடுக்கு பிரியக் கூடாது என்பது சோதனை. முத்திரையைப் பார்த்து வாங்க வேண்டும், கடைக்காரர் வாய்ச்சொல்லைக் கேட்டு வாங்கக் கூடாது.

ஒட்டுப்பலகையை எங்கள் ஊர்த் தறிக்காரர் ஒரே பார்வையில் புரிந்துகொள்வார். ஒரு தகட்டின் இழை நீளவாக்கில், அடுத்ததன் இழை குறுக்குவாக்கில், பாவும் ஊடையும்தான். முழுமரம் இழையோடு பிளக்கும், ஒட்டுப்பலகை எந்தப் பக்கமும் எளிதில் பிளக்காது. இதனால்தான் எட்டு மில்லியில் ஓர் ஆள் நிற்க முடிகிறது. கட்டுமரம் இதற்கு நேர் எதிரான வழியில் போகிறது. தடி பிளக்குமோ என்ற பயமே அதற்கு இல்லை, கனம் அவ்வளவு. ஆணி இல்லை, பசை இல்லை, துளையும் இல்லை. கயிற்றால் இறுக்கிக் கட்டினாலும் அலை மோதும்போது தடிகள் கொஞ்சம் அசைந்து கொடுக்கும். இறுக்கமான படகு உடைகிற அலையில் கட்டுமரம் நெளிந்து போய்விடுவது இதனால்தான். கரை சேர்ந்ததும் கட்டை அவிழ்த்துத் தடிகளைத் தனித்தனியே காயப்போடுவார்கள். ஊறிய தடி கனக்கும், காய்ந்த தடி மிதக்கும். பலகையை அவிழ்க்க முடியாது. நீர் ஒருமுறை உள்ளே ஏறினால் காய வழியில்லை. அதனால் கட்டுமரத்துக்குப் பராமரிப்பு என்பது திறந்து வைப்பது. பலகைக்கு அது மூடி வைப்பது. ஓரங்களில் எபாக்ஸியை மூன்று தடவை ஊறவிட்டுப் பூசினோம். ஓரம்தான் உயிர்நிலை, நடுப்பகுதிக்கு ஒரு பூச்சு போதும்.

இரண்டாவது பலகைக்கு நாலு மில்லித் தகடு இரண்டை ஒட்டி வளைத்தோம். தரையில் சட்டங்களை நிறுத்தி, மூக்குப் பக்கம் மட்டும் ஐந்து செ.மீ. கட்டை கொடுத்து, பசை தடவிய இரண்டு தகட்டையும் அதன்மேல் படுக்கவைத்து, மேலே பாரம் ஏற்றினோம். பாரத்துக்கு அக்கா வீட்டு அம்மியும் ஆட்டுக்கல்லும் வந்தன. ஆடிக்காற்றில் அம்மி பறக்கும் என்பார்கள். காற்றில்லாத நாளுக்கான பலகையை எங்கள் அம்மிதான் அழுத்திக் கொடுத்தது. பசை காய்ந்து எடுத்ததும் ஐந்து செ.மீ. வளைவு நாலுக்குச் சற்றுக் கீழே இறங்கிவிட்டது. இது தவறில்லை, கணக்கு. இரண்டு அடுக்கை ஒட்டி வளைத்தால் கால் பங்கு வளைவு திரும்பிப் போகும்; மூன்று அடுக்கானால் ஒன்பதில் ஒரு பங்குதான் போகும். ஆகவே வேண்டியதைவிடக் கூட்டி வளைக்க வேண்டும். மேலே கால் வழுக்காமல் இருக்க, செருப்புத் தைப்பவர்கள் வாங்கும் ஈ.வி.ஏ. ஷீட்டை ஒட்டினோம்.

அளவைத் தீர்மானித்தது யார் என்று பார்த்தால் இன்னொரு வேடிக்கை. பையனின் தாளில் நீளம் 130 செ.மீ. என்று இருந்தது. ஆசாரி எட்டுக்கு நாலடித் தகட்டை அளந்துவிட்டு, "நூத்தி இருபது ஆக்கிக்கோங்க, ஒரு ஷீட்ல நாலு துண்டு விழும், ரெண்டு பலகை ஆகும். நூத்தி முப்பதுன்னா ரெண்டு துண்டோட சரி, பாக்கி வேஸ்ட்டு" என்றார். அகலத்தை இரண்டு செ.மீ. கூட்டி ஈடுகட்டினோம். ஒட்டுப்பலகையில் அளவைச் சொல்வது ஷீட். கட்டுமரத்தில் சொல்வது மரம். காட்டில் கிடைத்த தடி எவ்வளவு நீளமோ, எப்படி வளைந்திருக்கிறதோ, அதற்குத் தக்கபடிதான் நடுத்தடியும் பக்கத்தடியும் அமையும்.

இந்த இரண்டு உலகமும் ஒரே இடத்தில் சந்தித்த கதை ஒன்று நம் கரையிலேயே நடந்திருக்கிறது. நான் இதை எழுதத் துணிந்ததற்கு அந்தக் கதையும் ஒரு காரணம். குமரி மாவட்டம் முட்டத்தில், கோட்டாறு மறைமாவட்டத்தின் சமூகப் பணி அமைப்போடு சேர்ந்து பெல்ஜியக்காரர் பியர் கிலே படகு கட்டும் பட்டறை நடத்தினார். காடு அழிந்து கட்டுமரத் தடி அருகிப்போய், விலையும் ஏறிக்கொண்டிருந்த காலம். 1980களின் தொடக்கத்தில் எட்வின் கிஃபர்ட் என்ற ஆங்கிலேய வடிவமைப்பாளரின் துணையோடு, கடல்வகை ஒட்டுப்பலகையை அறுத்து, ஓரங்களைத் தைத்து, தையல்மேல் கண்ணாடி இழையும் பசையும் போட்டு ஒட்டும் முறையை அங்கே கொண்டுவந்தார்கள். பின்னணியில் இருந்தது, ஷூமாக்கர் தொடங்கிய இடைநிலைத் தொழில்நுட்பக் குழு. ஷூமாக்கரின் நூலுக்குச் 'சிறியதே அழகு' என்று பொருள்படும் தலைப்பு. முட்டத்து அனுபவத்தை 1985இல் புத்தகமாக்கிய கிலே அதற்குச் 'சிறியது கடினம்' என்று பொருள்படத் தலைப்பு வைத்தார். பட்டறையில் கையைச் சுட்டுக்கொண்டவர்தான் அப்படி வைப்பார். எங்கள் முதல் பலகை பிளந்த அன்று எனக்கு அந்தத் தலைப்பு நினைவுக்கு வந்தது.

முட்டத்தில் நடந்ததைக் கவனித்தால், ஒட்டுப்பலகை வந்ததும் மிதவைக்கு 'உள்' வந்துவிட்டது. கட்டுமரம் வள்ளமானது. உள் வந்ததால் வெளிப்பொறி மாட்டலாம், மீனைக் காய்ந்த இடத்தில் போடலாம், நனையாமல் உட்காரலாம். கூடவே ஓட்டை விழுந்தால் என்ன ஆகும் என்ற கவலையும் வந்தது. 1980இல் உருவான தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு, குமரியில் வாய்ப்பேச்சில் சிஃப்ஸ், இந்த வள்ளங்களையும் பொறிகளையும் கரையெங்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது. பிறகு ஃபைபர் வந்து ஒட்டுப்பலகையையும் ஓரங்கட்டியது. 2004 சுனாமிக்குப் பிந்திய நிவாரணத்தில் ஃபைபர் படகுகள் ஏராளமாக வந்து இறங்கின. கட்டுமரம் அத்தோடு ஒதுங்கிப்போனது. ஒரே பொருள், இரண்டு விதி: மீனவருக்கு ஒட்டுப்பலகை உள்ளைக் கொடுத்தது. பட்டக்காரர் அதே பொருளை எடுத்து, உள்ளை அடியோடு மறுத்து, எட்டு மில்லித் தகடாக்கி நிற்கிறார். பிழைப்புக்கு வேண்டியது கொள்ளளவு; விளையாட்டுக்கு வேண்டியது பரப்பு.

காற்று நின்றால் என்ன ஆகும்? என்னைக் கேட்டால் இந்த ஒப்பீட்டின் தீர்ப்பு இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. கட்டுமரத்தில் காற்று நின்றால் வெற்றிலை போடலாம். பட்டத்தில் காற்று நின்றால் முதலில் பட்டம் தண்ணீரில் விழும், பலகை காலுக்கடியில் முங்கும், ஆள் நீந்த வேண்டும். வரிசையே தலைகீழ். மெல்லிய காற்றில் விழுந்த பட்டத்தை எழுப்புவது பலத்த காற்றில் எழுப்புவதைவிடக் கடினம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எனவே மெல்லிய காற்று பத்திரமான காற்று என்று புதியவர்கள் நினைப்பது தப்புக் கணக்கு. இந்தப் பலகை ஏற்கெனவே நன்றாக ஓட்டத் தெரிந்தவருக்குத்தான். கற்றுக்கொள்ள உகந்ததில்லை. கட்டுமரத்தில் சின்னப் பையன்களை ஏற்றிப் பழக்கியதற்கும் இங்கே பயிற்சிப் பள்ளிகள் கண்டிப்பாக இருப்பதற்கும் இதுதான் காரணம்.

திசையையும் மறந்துவிடக் கூடாது. ஆடியில் எங்கள் ஊரைக் கடந்து போகும் காற்று தூத்துக்குடிக் கரையில் நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும். கட்டுமரத்துக்கு அது வழியனுப்பும் காற்று, சாயங்காலம் கடற்காற்று வரும் என்ற நம்பிக்கையும் துடுப்பும் கையில் உண்டு. பட்டக்காரருக்கு அது எடுத்துக்கொண்டே போய்விடும் காற்று. மீட்புப் படகு இல்லாமல் அதில் இறங்கக் கூடாது. ராமேஸ்வரம் தீவில் ஒன்றுக்கு இரண்டு பக்கம் கரை இருப்பதால் காற்றுக்குத் தக்க பக்கத்தைத் தேர்ந்துகொள்ளலாம். விளையாட்டு அங்கே வேர்பிடித்ததற்கு இது ஒரு காரணம். தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையில் கிடக்கும் 21 தீவுகள் 1986 முதல் மன்னார் வளைகுடாக் கடல்சார் தேசியப் பூங்கா. அங்கே ஒதுங்கிக் கரையேறலாம் என்ற யோசனையும் வேண்டாம்.

செலவைப் பற்றி ஒரு வார்த்தை. பலகை, பசை, ஷீட் எல்லாம் ஆறாயிரத்துக்குள் முடிந்தது. முதல் பலகையின் நஷ்டத்தையும் சேர்த்துத்தான். கம்பெனிப் பலகையின் விலையில் இது சின்னப் பங்கு. ஆனால் பட்டமும் கயிறும் பட்டையும் எந்த ஆசாரியும் செய்து தர முடியாதவை, விலையும் அதிகம். வீட்டில் செய்தது என்று பெருமைப்படும் பொருளின் பாதி வெளிநாட்டிலிருந்து வருகிறது. கட்டுமரத்தில் கயிறும் தடியும் பாயும் துடுப்பும் கரையிலேயே முடிந்த வேலை. தன்னிறைவு என்று பார்த்தால் எங்கள் பலகை கட்டுமரத்தின் பக்கத்தில்கூட நிற்காது.

ஒரு விஷயத்தில் மட்டும் பலகை கட்டுமரத்தை முந்திவிட்டது. அக்கா மகன் கொண்டுவந்த அந்தத் தாள். நீளம், அகலம், வளைவு, கனம் எல்லாம் மில்லிமீட்டரில் எழுதியிருந்தது. கடலையே பார்க்காத ஆசாரி அதை வைத்துக்கொண்டு ஒரு கடற்பொருளைச் செய்துவிட்டார். கட்டுமரத்தின் அளவு கட்டுகிறவரின் கண்ணிலும் முழத்திலும் இருந்தது. சென்னை மாகாண மீன்வளத் துறையில் இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் 1920இல் எழுதிய இந்தியப் படகு வடிவங்கள் பற்றிய நூலில் கட்டுமர வகைகளைப் பதிவு செய்தார். அது நூறாண்டுக்கு முந்தியது. எந்தத் தடி நடுவில், எது ஓரத்தில், எந்த முடிச்சு எத்தனை சுற்று என்பது தெரிந்த கைகள் குறைந்துகொண்டே வருகின்றன.

கரையோரத்தில் இருக்கிறவர்களிடம் இதைக் கேட்டுக்கொள்கிறேன். மணப்பாட்டிலோ உவரியிலோ முட்டத்திலோ, ஏதாவது ஒரு வீட்டுப் பின்புறத்தில் கட்டுமரத் தடி சாய்த்து வைத்திருந்தால், அது விறகுக்குப் போகுமுன் ஒரு டேப்பும் நோட்டும் எடுத்துப் போங்கள். கட்டியவர் இருந்தால் அவரையே ஒருமுறை கட்டிக் காட்டச் சொல்லி, சுற்றுச் சுற்றாக எழுதி வையுங்கள்.